கார் ஏசியில் ஈரத்துணி வாடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சிக்னலில் வண்டி நின்றால்தான் அந்த வாடை வரும். ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. ஏசி கம்ப்ரஸர் ஒருமுறை அணைந்து மறுபடி ஓடத் தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில், நனைந்த துணியைப் பையில் கட்டிவைத்து இரண்டு நாள் மறந்துவிட்டதுபோல ஒரு நெடி டேஷ்போர்டிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும். பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, யாரோட சாக்ஸ் இது?" என்பாள். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

எங்களுடையது ஏழு வருட ஹேட்ச்பேக். வீடு வேளச்சேரியில், வண்டி நிற்பது புங்கமரத்தடியில். இந்த வாடையைப் போக்க ஒன்றரை வருடத்தில் 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே செலவழித்திருக்கிறேன். அதில் பாதிக்குமேல் தண்டம். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் 1,900 ரூபாயில் முடிந்திருக்கும். அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாடை எங்கே பிறக்கிறது என்பது தெரிந்தால் பாதி விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடலாம். டேஷ்போர்டுக்கு உள்ளே எவாப்பரேட்டர் என்று ஒரு அலுமினியப் பாகம் இருக்கிறது. நம் ஊர் ஏசி மெக்கானிக்குகள் அதைக் கூலிங் காயில் என்பார்கள். சீப்புப் பற்கள்போல நெருக்கமான தகடுகள். ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். சென்னையிலோ வருடத்தில் பல மாதம் 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். அப்படியிருக்க, ஐஸ்போலக் குளிர்ந்த தகட்டில் அந்தக் காற்று பட்டால் என்ன ஆகும்? மோர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலக் காயில் முழுக்க வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு டிரெயின் பைப் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். கோயில் வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் கார்களுக்குக் கீழே பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து வண்டியை அணைக்கிறோம். காயில் சொதசொதவென்று நனைந்தபடியே, இருட்டில், ஜன்னல் மூடிய காருக்குள் வேகிறது. தகடுகளில் ஏற்கெனவே தூசி, மகரந்தம், நம் உடையின் நூல்துகள் எல்லாம் ஒட்டியிருக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல குடித்தனம் கிடைக்காது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் அதே மாடல் காரை அதே அளவு ஓட்டுகிறார். அவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே காற்றில் ஈரம் குறைவு, வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது.

காசைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. காலையில் முதல்முறை ஏசி போட்டதும் ஓரிரு நிமிடம் வாடை வந்து பிறகு அடங்குகிறது, சிக்னலில் மறுபடி தலைகாட்டுகிறது என்றால் அது காயில் வாடைதான். ஏசி பட்டனை அமுக்காமல் வெறும் ஃபேன் ஓடும்போதும் ஒரே சீராக வந்தால் முதலில், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். எதுவுமே ஓடாதபோதும் கார் கதவைத் திறந்ததும் வந்தால் தரை விரிப்பைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். டிரெயின் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கமாக, பெரும்பாலும் முன்சீட்டில் நமக்குப் பக்கத்தில் உட்காருபவரின் காலடியில் கசியும். அங்கே விரிப்புக்கடியில் இருக்கும் பஞ்சு ஊறிப்போயிருந்தால் எந்த ஸ்ப்ரேயும் வேலைக்காகாது. வெயிலில் விரிப்பைக் காயவைத்துவிட்டுக் குழாய் அடைப்பை எடுப்பதுதான் வழி.

வேறு வாடைகளும் உண்டு. வெல்லப்பாகு மாதிரி இனிப்பான மணம் வந்து கண்ணாடியும் உள்பக்கம் எண்ணெய்ப் பசையாக மங்கினால் ஹீட்டர் பக்கம் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம், கசிகிறது. கருகல் வாடை வந்தால் வயரையோ பெல்ட்டையோ பார்க்கவேண்டும். குமட்டும் பிண நாற்றம் வந்தால்... ஆமாம், எலி. எங்கள் அடுக்ககத்தில் மட்டும் போன மழைக்காலத்தில் மூன்று கார்களில் எடுத்தார்கள். இவற்றில் எதற்கும் கீழே சொல்லப்போகும் புகை, ஃபில்டர், நுரை வைத்தியங்கள் பொருந்தாது.

சரி, வழிகளுக்கு வருவோம். நான் முதலில் செய்த தவறு வாசனைப் புட்டி. ஏசி துவாரத்தில் மாட்டும் ஜெல் ஒன்று, பிறகு டேஷ்போர்டில் வைக்கும் எலுமிச்சை மணம் ஒன்று, இரண்டும் சேர்ந்து 500 ரூபாய். கிடைத்தது எலுமிச்சை போட்ட சாக்ஸ். இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்துருண்டையைக் காரில் போட்டுவைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது ஆவியாகிக் காற்றில் கலக்கும் பூச்சிமருந்து. மூடிய காரில் குழந்தையை உட்காரவைத்து மூச்சோடு இழுக்க வைக்கிற பொருள் அல்ல. ஒரு துணிப்பையில் அடுப்புக்கரி போட்டுவைப்பதில் தீங்கில்லை, அது இருக்கும் வாடையைக் கொஞ்சம் உறிஞ்சும். காயிலில் வளர்வதை ஒன்றும் செய்யாது.

அடுத்து, சர்வீஸுக்கு விட்டபோது பில்லில் ஏறிய ஏசி சானிட்டைசேஷன். 1,200 ரூபாய். கொரோனா காலத்துக்குப் பிறகு இது பல இடங்களில் பில்லோடு ஒட்டிக்கொண்ட செலவு. அன்று ஒரு சிறு புகை மெஷினைக் காருக்குள் வைத்து, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போட்டு, கதவைச் சாத்திப் பத்து நிமிடம் விட்டார்கள். திரும்பிவரும்போது கார் ஆஸ்பத்திரி வார்டுபோல மணந்தது. மூன்று வாரம் நன்றாக இருந்தது. நான்காவது வாரம் சாக்ஸ் திரும்பிவிட்டது. பிறகு நானே கடையில் 650 ரூபாய்க்கு அதே வகைப் புகை வரும் டப்பா ஒன்று வாங்கி, முன்சீட்டுக்கடியில் வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு இறங்கி நின்றேன். அதே பத்து நிமிடம், அதே மூன்று வாரம்.

இந்தப் புகை வைத்தியம் மோசடி என்று சொல்லமாட்டேன். மருந்து காற்றோடு போகிறது. முன்னால் ஃபில்டர் இருந்தால் முதலில் அதில் படிகிறது. மிச்சம் காயிலின் முன்பக்கத்தை மட்டும் தடவிவிட்டு வருகிறது. தகடுகளுக்கு இடையில் களிம்பாகப் படிந்திருப்பதை அது கழுவுவதில்லை. இப்போதுதான் லேசாக வாடை தொடங்கியிருக்கிறது, வண்டிக்கு இரண்டு மூன்று வயதுதான் என்றால் இது போதுமானதாக இருக்கலாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது. இந்த டப்பாக்களில் பல எளிதில் தீப்பிடிக்கும் வாயுவில் வருபவை. பக்கத்தில் சிகரெட் கூடாது, முடிந்ததும் நான்கு கதவையும் திறந்துவைத்துக் காற்றாட விட்டபிறகே ஏறவேண்டும்.

இனி ஃபில்டர். இதைத்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். மாருதி, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்சி புக், பழைய பார்க்கிங் சீட்டு, கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெட்டியின் இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் அது தொங்கிவிடும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை விடுவித்து இழுத்தேன். வெள்ளையாக வந்திருக்கவேண்டிய பொருள் சாணி மெழுகிய தரையின் நிறத்தில் வந்தது. மடிப்புகளுக்கு நடுவே வரிசையாகப் புங்கம்பூ, காய்ந்த இலைத்துண்டுகள், ஒரு குளவியின் பாதி உடல். ஒரு மூலை கறுத்து, தொட்டால் ஈரம். மூக்கருகே கொண்டுபோனேன். அதே சாக்ஸ். மூன்று சர்வீஸ் பில்லில் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது என்று டிக் போட்டிருந்தார்கள்.

புதிது 380 ரூபாய். கரி கலந்த வகை எனக்குச் சொன்ன விலை 600. வெளியிலிருந்து வரும் கூவத்து மணத்தையும் லாரிப் புகையையும் கரி ஃபில்டர் கொஞ்சம் குறைக்கும், காயிலில் முளைக்கும் பூஞ்சையை அதனால் தடுக்க முடியாது. காற்று முதலில் ஃபில்டரைத் தாண்டி, அப்புறம்தான் காயிலுக்குப் போகிறது. அதனால் இந்த வாடைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. மாட்டும்போது ஓரத்திலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டி உதறி மறுபடி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய தூசி விழும், நுண்ணிய அழுக்கும் பூசணமும் அப்படியே இருக்கும். 10,000 கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடலாம். மரத்தடியில் நிறுத்துபவர்கள் இன்னும் சீக்கிரம். சில மாடல்களின் விலைகுறைந்த வேரியன்ட்டில் ஃபில்டருக்கான இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. பழைய கார் வாங்கியவர்கள் அந்த மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஃபில்டரே இல்லாமல் ஐந்து வருடம் ஓடிய காயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஃபில்டர் மாற்றியதும் எனக்கு வாடை பாதியாகக் குறைந்தது. மீதி பாதி காயிலில் இருந்தது. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று செலவில்லாதது, மற்றொன்று நுரை.

செலவில்லாத வழி, வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் நன்றாக ஓடவிட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றிக்கொள்வது. காயில் சூடேறி ஓரளவு காயும். எல்லோரும் இதைச் சொல்வார்கள், ஆனால் சென்னையில் இதன் எல்லையைச் சொல்லமாட்டார்கள். காற்றே ஈரமாக இருக்கும் ராத்திரியில், அணைத்த முதல் ஓரிரு நிமிடம் காயில் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் படிவதுதான் நடக்கும், காய்வது அதற்கப்புறம்தான் தொடங்கும். எனவே இரண்டு நிமிடத்தில் பலனில்லை. ஐந்தாவது ஆறாவது நிமிடம் தேவை, அந்த நேரத்தில் காருக்குள் புழுங்கும். "ஏங்க, வீடு வர்றதுக்குள்ள வேர்த்து விறுவிறுத்துப் போகுதே" என்று மனைவி சொல்வது நியாயம்தான். பேச்சுவார்த்தையில் நான்கு நிமிடத்துக்கு ஒப்பந்தமானது. மழை கொட்டும்போது இதைச் செய்யாதீர்கள். ஏசி அணைந்ததும் முன்கண்ணாடி மங்கும், காயிலைவிடச் சாலை முக்கியம்.

வாரத்துக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் பலமாகக் காயவைக்க விரும்பினால் ஹீட்டர் உண்டு. இதில் ஒரு நுணுக்கம். காற்று முதலில் காயிலைக் கடந்து, பிறகுதான் ஹீட்டரைத் தொடும். வெளிக்காற்றில் வைத்து ஹீட்டர் போட்டால் நாம்தான் வேகுவோம், காயில் சூடாகாது. உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால்தான் சூடான உள்காற்று திரும்பக் காயில் வழியாகப் போகும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, திறந்த வெளியில் நிறுத்தி, ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் பத்து நிமிடம். உள்ளே உட்காரவேண்டாம், பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். சில புதிய கார்களில், வண்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஃபேனை ஓட்டிக் காயிலைக் காயவைக்கும் வசதி வருகிறது. அடுத்த கார் வாங்கும்போது சன்ரூஃபுக்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்.

காயவைத்தல் புதிதாக வளர்வதைத் தடுக்கும். ஏற்கெனவே படிந்திருப்பதை எடுக்காது. அதற்குத்தான் நுரை. எங்கள் தெருமுனை ஏசி மெக்கானிக்கிடம் போனேன். எடுத்த எடுப்பில் அவர், "கேஸ் செக் பண்ணிடலாமா சார்?" என்றார். ஏசியைக் குளிரவைக்கும் அந்தக் கேஸுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தமில்லை. குளிர் குறையாமல் இருக்கும்வரை அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். "வேணாம்ணே, காயில் மட்டும் கழுவணும்" என்றதும் சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார்.

ப்ளோயர் மோட்டாரை, அதாவது காற்றைத் தள்ளும் ஃபேனின் மோட்டாரை, கழற்றிக் கீழே வைத்தார். அந்த ஓட்டைக்குள் செல்போனோடு இணைத்த ஒரு சின்னக் கேமராவை விட்டார். திரையில் காயில் தெரிந்தது. மேல்பாதி மங்கிய அலுமினியம், கீழ்பாதி தோசைக்கல்லின் ஓரம்போலக் கறுத்த பிசுக்கு. தண்ணீர் தேங்கி வடியும் இடம் அதுதான். எவாப்பரேட்டருக்கென்றே விற்கும் நுரை டப்பாவின் நீளக் குழாயை உள்ளே செலுத்தி, மேலிருந்து கீழாக அடித்தார். நுரை பொங்கித் தகடுகளுக்குள் இறங்கியது. இருபது நிமிடம் காத்திருந்தோம். காருக்கடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி. முதலில் வெள்ளை நுரை, அப்புறம் பழுப்பு, அப்புறம் இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் சொட்டுவது நின்றுபோனது. அவர் கீழே படுத்து டிரெயின் பைப்புக்குள் ஒரு மெல்லிய நைலான் கம்பியை விட்டு ஆட்டினார். கறுப்பாக ஒரு உருண்டை, ஊறிய புளிபோல, வாளியில் விழுந்தது. அதன்பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு முறை அடித்தார். கூலி, டப்பா எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்.

அன்றோடு வாடை போனது. இதை வீட்டில் தானே செய்யலாமா என்றால், டிரெயின் பைப் வழியாகக் கீழிருந்து நுரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் செய்யலாம். ப்ளோயரைக் கழற்றுவதும் ஃபேன் வேகத்தை மாற்றும் அதன் ரெசிஸ்டர் பக்கம் நனையாமல் பார்ப்பதும் பழகிய கைக்கு எளிது, எனக்கு இல்லை. 700, 800 ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் மோட்டாரை நனைப்பதில் லாபமில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பாத்ரூம் ப்ளீச்சிங் திரவமோ வினிகரோ காயிலில் படக்கூடாது. அலுமினியத்தை அவை அரிக்கும். ஒரு ஊசித்துளை விழுந்தால் கேஸ் கசியும், அப்புறம் காயிலையே மாற்றவேண்டும்.

நான் எடுக்காத வழி ஒன்று இருக்கிறது: டேஷ்போர்டை இறக்கிக் காயிலை வெளியே எடுத்துக் கழுவுவது. அதே மெக்கானிக் எனக்குச் சொன்ன விலை 7,000, இரண்டு நாள் வேலை. அதிகச் சுத்தம் இதில்தான், மறுக்கமுடியாது. ஆனால் பல கார்களில் டேஷ்போர்டை ஒருமுறை இறக்கி ஏற்றினால் எங்காவது ஒரு கிளிப் உடையும், பிறகு மேடுபள்ளத்தில் கிடுகிடு சத்தம் ஆயுளுக்கும் கூடவரும். கேஸ் லைனைத் திறக்கவேண்டும், அதையும் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் பிடிக்கவேண்டும். கார் ஏசியில் பரவலாக இருக்கும் ஆர்134ஏ வாயு, புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,400 மடங்குக்கு மேல் வல்லது. திரும்ப மாட்டும்போது இணைப்புகளில் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுவார்களா, லைனிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டுக் கேஸ் ஏற்றுவார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, உள்ளே எலி செத்துக் கிடந்த வண்டி, நுரை இரண்டு முறை அடித்தும் கேமராவில் கறுப்பு மாறாத வண்டி ஆகியவற்றுக்கு மட்டும் இது சரி.

ஓசோன் மெஷின் கார் டீட்டெய்லிங் கடைகளில் இப்போது பிரபலம். சிகரெட் வாடை பிடித்த பழைய காரின் சீட்டுக்கு அது கொஞ்சம் பயன்படலாம். காயில் களிம்புக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ரப்பரிலும் விரிசல் விழவைக்கும். மனிதருக்குப் பாதுகாப்பான அளவில் அது வீட்டுக்காற்றை அவ்வளவாகச் சுத்தம் செய்வதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. பலன் தரும் அளவுக்குப் போட்டால் அந்த நேரம் உள்ளே ஈ எறும்புகூட இருக்கக்கூடாது, முடிந்தபின் வெகுநேரம் காற்றாட விடவேண்டும்.

எல்லோருக்கும் ஒரே வரிசை பொருந்தாது. வீட்டில் ஆஸ்துமா இருக்கும் பிள்ளையோ பெரியவரோ இருந்தால் புகை, வாசனை எதற்கும் போகாமல் நேரே ஃபில்டரும் நுரையும் செய்துவிடுங்கள். பூஞ்சைத் துகள் மூச்சிரைப்பைக் கிளப்பும், கடும் மருந்துவாடையும் கிளப்பும். வேலை முடிந்து ஒருநாள் காரை வெளியே விட்டுவிட்டு ஏற்றுங்கள். நாள் முழுக்க ஓடும் கால் டாக்ஸிக்குக் காயில் காய இடைவெளியே கிடைக்காது. அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஃபில்டரும் வருடத்துக்கு ஒரு நுரையும் செலவுக் கணக்கிலேயே எழுதிவைக்கவேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் கார் இன்னொரு எல்லை: ஒருமுறை நனைந்தால் ஆறு நாள் ஊறும். அங்கே கடைசி ஐந்து நிமிட ஃபேன் பழக்கம்தான் பெரிய மருந்து. வாரன்ட்டி பாக்கியுள்ள வண்டியில் வெளி மெக்கானிக் கைவைப்பதற்கு முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் காரில் நுரை அடித்துப் பதினொரு மாதம் ஆகிறது. போன ஐப்பசியில் நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு காலை லேசாக அந்த வாடை எட்டிப்பார்த்தது. மெக்கானிக்கிடம் ஓடாமல் பானெட்டைத் திறந்தேன். முன்கண்ணாடிக்கு அடியில் வெளிக்காற்று உள்ளே போகும் சல்லடையில் புங்க இலை மட்கிக் கூழாகி, தண்ணீரைத் தேக்கிவைத்திருந்தது. ஒரு முறம் அளவுக்கு அள்ளிப் போட்டேன். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் ஓரம் நனைந்திருந்தது. இன்னொரு 380 ரூபாய். இப்போது வண்டியைச் சுவரோரமாக, மரத்தைவிட்டு இரண்டடி தள்ளி நிறுத்துகிறேன். அங்கே வெயில் விழுகிறது, மத்தியானம் ஏறினால் ஸ்டியரிங்கைத் தொட முடிவதில்லை. மகளுக்கு இப்போது அதுதான் புகார்.